ரப்பர் சீட் மெஷினும் உன் கல்யாணமும்

அம்மாடி,

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிப்பா, சரிப்பா, பஸ் வந்துடுச்சு" என்று வைத்துவிடுகிறாய். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஜொகூரில் உனக்கு மட்டும் ஒரு பஸ் வந்துகொண்டே இருக்கிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தவள் என்ற பெருமை, அவள் பேனா பிடிக்கிற தோரணையிலேயே தெரிகிறது. நான் 'வந்துச்சு' என்றால் அவள் 'வந்தது' என்று எழுதுகிறாளாம். எழுதட்டும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன், நான் சொல்கிற விஷயத்தை மாற்றக்கூடாது. "மாத்தமாட்டேன். ஆனா எழுதுறதால நான் ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமில்ல. அதையும் எழுதிடுறேன்" என்றாள். எழுதிவிட்டாள்.

விஷயம் அந்த மெஷின்தான். போன வாரம் சிகாமட்டுக்கு வந்தாய். கல்யாணப் பத்திரிகைக் கட்டை மேசையில் வைத்தாய். ரம்புத்தான் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "அப்பா, பின்னால கிடக்கிற மெஷின இரும்புக்காரன் வந்தா போட்டுடுங்க. கெலாங் பாத்தாவுல இருக்கிற அவரோட ஃப்ளாட்டுல அதுக்கு இடமில்ல. கல்யாணத்துக்கு அப்புறம் யாரு மரமும் மட்டையுமா அச்சடிச்சுக்கிட்டு இருக்கப் போறா?" எனக்கு வாய் நிறைய ரம்புத்தான், கொட்டையைத் துப்பிவிட்டுப் பேசலாம் என்று பார்த்தேன். அதற்குள் உன் அம்மா, "நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றாள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் நிச்சயதார்த்தத்து அன்றைக்கே அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள், 'கவலைப்படாதீங்க சம்மந்தி, அந்த இரும்பு உங்க வீட்டுக்கு வராது' என்று. நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டீர்கள். நான் கொட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மெஷின்மேல் எனக்குப் பாசம் எதுவும் கிடையாது. வயதில் பாதியை ரப்பர் பால் உறைந்த கட்டியை அந்த ரெண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பாய் மாதிரித் தட்டையான சீட் ஆக்குவதிலேயே கழித்தவன் நான். என் கட்டைவிரல் நகம் கோணலாக இருக்கிறதே, அதற்கு இந்த மெஷினுடைய அண்ணனோ தம்பியோதான் காரணம். தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது, எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மட்டும், இந்த இரும்பு ஜென்மத்தை இனி பார்க்க வேண்டாமே என்று வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு அதைத் திரும்பக் கொண்டுவந்தவள் நீ.

படிப்பு முடித்து வந்ததும் மரம் மரமாய் வரைய ஆரம்பித்தாய். ரயில் நிலையத்துத் தூங்குமூஞ்சி மரம், ஆற்றங்கரை மூங்கில், பக்கத்து வீட்டு நங்கா என்கிற பலா மரம் எதையும் விடவில்லை. பெண்பிள்ளை இப்படி மரத்துக்கு எதிரே மணிக்கணக்காய் உட்கார்ந்திருக்கிறாளே என்று நாலு பேர் கேட்டார்கள். எழுந்து ஓடாத பொருளாகப் பார்த்து வரைகிறாள், புத்திசாலி என்று சொல்லிவைத்தேன். அப்புறம் தூரிகையை வைத்துவிட்டு உளியை எடுத்தாய். பலகையில் மரத்தைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்சடிக்கிறேன் என்றாய். நான் யோசித்துப் பார்த்தேன். மரத்தை வெட்டிப் பலகை, அந்தப் பலகையில் செதுக்கியது மரம், மரத்தை அரைத்துச் செய்த காகிதம், அந்தக் காகிதத்தில் மறுபடியும் மரம். "பேசாம அதை முதல்லயே நிக்க விட்டிருந்தா இவ்வளவு வேலை மிச்சமாயிருக்குமே" என்றேன். நீ ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்போது உனக்கு அச்சு அழுத்த மெஷின் இல்லை. காகிதத்தின் முதுகைச் சாதக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டு வீங்கிப்போனது. அம்மா கரண்டியைத் தேடிக்கொண்டே இருப்பாள், சாதம் குழையும். ஒருநாள் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இது மாதிரி ஒண்ணு இருந்தா போதும்பா" என்றாய். ரெண்டு உருளை, ஒரு கைப்பிடி, மேலே இறுக்குகிற திருகு. "அலமாக்! இது நம்ம சீட் மெஷின்லா!" என்று நான் கத்தியதில் கோழியெல்லாம் பறந்தது.

தேடப் போனால் ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாம் இரும்புக்காரனுக்குப் போயிருந்தது. கடைசியில் இரவுச் சந்தையில் ஒன்றைக் கண்டோம். ஒரு சீனக் கிழவர், சுட்ட காய்ந்த கணவாய் மீனை அந்த உருளைகளுக்குள் விட்டுத் தட்டையாக்கி விற்றுக்கொண்டிருந்தார். நமக்குப் பழக்கமான முதலாளி, நம் தவுக்கேதான், ஒரு காலத்தில் ரப்பர் வாங்கி விற்றவர். "தவுக்கே, இந்த மெஷின எனக்குக் கொடுத்துடுங்க" என்றேன். "தா போலே லா, முடியாது" என்று தலையாட்டினார். "என்னா செய்யப் போற? கணவாய் விக்கப் போறியா? எனக்குப் போட்டியா?" "இல்ல தவுக்கே, என் மக இதுல மரம் அடிக்கப் போறா." அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "மரத்தை உள்ள விட்டா உருளை பிளந்துடும்" என்றார். நீ நடைபாதையிலேயே உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பலகையையும் காகிதத்தையும் எடுத்து, அவர் மெஷினிலேயே ஒன்றை அடித்துக் காட்டினாய். தூங்குமூஞ்சி மரம் கிளை விரித்து வந்தது, நடுவில் ஒரு கணவாய்க் காலோடு. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தக் கால் இருக்கிற படம் எனக்கு. மெஷின் உனக்கு" என்றார்.

அதற்கப்புறம் அந்தக் கணவாய் நாற்றத்தோடு பட்ட பாடு! எலுமிச்சை போட்டாய், புளி போட்டாய், சாம்பல் போட்டாய், அம்மாவின் சீயக்காய்த்தூள் டப்பாவையே காலி பண்ணினாய். மரத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்து மூக்கை மூடிக்கொண்டு பார்த்தால் காடு, மூக்கைத் திறந்தால் கடல்.

மூவாரில் ஒரு பழைய கடைவீட்டில் இன்னும் சிலரோடு சேர்ந்து உன் படங்களை மாட்டினாயே, அங்கேயும் உன் சுவருக்குக் கீழே மட்டும் மூன்று பூனைகள் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. உன் பெரிய படம், பால் வெட்டிய ரப்பர் மரம். நான் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் பேசுகிற குரலிலேயே கேட்டுவிட்டேன்: "யாரும்மா இந்த மரத்தை வெட்டினது? கோடு எதிர்ப்பக்கம் சரியுது. கங்காணி பார்த்தா தோலை உரிச்சிருப்பாரு." வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீ வாயைத் திறந்தாய், மூடினாய், அப்புறம் சொன்னாய்: "அது அம்மா வெட்டின மரம்பா. அம்மாவுக்கு இடது கைப் பழக்கம்ல?" உன் அம்மா அங்கேயே நின்று அழுதாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் தலைகீழாய்க் கோடு போட்டுக் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்மைதான். ஆனால் அம்மாடி, பலகையில் செதுக்குவது காகிதத்தில் இடம் வலம் மாறி விழும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். நீ அதை மறந்துபோய் நேராகச் செதுக்கிவிட்டாய். நான் கத்தியதும் சமாளித்துவிட்டாய். சரிதானே?

உன் அம்மா பேனாவை வைத்துவிட்டாள். "அவ மறக்கல. எனக்காகத்தான் அப்படிச் செஞ்சா" என்கிறாள். "சரி, உனக்காகன்னே எழுது" என்றேன். எதை எழுதினாள் என்று எனக்கு எப்படித் தெரியும், நீயே படித்துக்கொள்.

இடமில்லை என்றாயே, வெள்ளம் வந்த வருஷத்தை நினைத்துப் பார். ஆறு வீட்டுக்குள் வந்தபோது கட்டில் மிதந்தது, குளிர்சாதனப் பெட்டி மிதந்தது, என் மோட்டார் சைக்கிள் கூட ஒரு முழம் நகர்ந்தது. அசையாமல் நின்றது ரெண்டே பேர், ஒன்று மெஷின், இன்னொன்று உன் அம்மா. படகு வந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, இவள் சாமி மேடையைத் துடைத்துவிட்டுத்தான் வருவேன் என்றாள். (இதை எழுதும்போது மட்டும் வேகமாய் எழுதுகிறாள்.) தண்ணீர் வடிந்து வந்து பார்த்தால் நீ செதுக்கிய பலகைகள் ஒன்றுகூட இல்லை. நீ அழுவாய் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, ஆற்றுக்குக் கீழ்ப்பக்கத்துக் கம்பத்துக் கிராமத்திலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா, நம்ம மாச்சிக், நோன்புப் பெருநாளுக்குக் கறிபாப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு கறிபாப்பின் மேலும் ஒரு மூங்கில் புதர், இலை நரம்பு உட்படத் துல்லியமாய்! உன் பலகை அவர் வீட்டு வாசலில் ஒதுங்கியிருக்கிறது. நல்ல பலகையாயிற்றே என்று கழுவி, மாவு தேய்க்க வைத்துக்கொண்டிருக்கிறார். நீ அதைத் திருப்பிக் கேட்கவேயில்லை. "நான் போட்ட அச்சிலேயே இதுதான் சுத்தமா விழுந்திருக்கு" என்று சிரித்துவிட்டு, மெஷினிலிருந்த சேற்றை வழித்தாய். அந்தச் சேற்றையே மையில் கலந்து, இடுப்பளவுக்குத் தண்ணீர்க் கோடு விழுந்த மரங்களை அச்சடித்தாய். ஆறு வந்து உட்கார்ந்த வீட்டிலேயே இடம் கண்டுபிடித்தவளுக்கு ஃப்ளாட்டில் இடமில்லையாம். நான் நம்பவில்லை.

நம்பாததற்கு இன்னொரு காரணம் மாப்பிள்ளை. நிச்சயத்துக்கு அப்புறம் முதல்முறை நம் வீட்டுக்கு வந்தார் அல்லவா, சிங்கப்பூர் வேலையிலிருந்து நேராக, வெள்ளைச் சட்டையில். "நான் சுத்தட்டுமா?" என்று ஆசையாய்க் கைப்பிடியைப் பிடித்தார். குனிந்தபோது சட்டை நுனி உருளைக்குள் போய்விட்டது. நான் பதறி ஓடி வருகிறேன், நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அசையாதீங்க! அசைஞ்சா மை இழுபட்டுடும்!" மனுஷன் அசையவில்லை. நீ அந்தப் பக்கம் போய்க் காகிதத்தைப் பிடித்து, மெதுவாய் முழுப் படத்தையும் வெளியே எடுத்து, கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டுத்தான் அவரை விடுவித்தாய். அதுவரைக்கும் பாதி வயிறு தெரிய, வில் மாதிரி வளைந்து நின்றுகொண்டு, "படம் நல்லா வந்துச்சா?" என்று கேட்டார். சட்டை நுனியில் பாதிப் பலா இலை. அதோடுதான் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போனார், கேட்டவர்களிடம் டிசைன் என்று சொன்னாராம். அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன், பையன் தேறிவிட்டான் என்று.

அதனால் நேற்று அவருக்கே போன் போட்டேன். "என்னாங்க மாப்பிள்ள, மெஷினுக்கு இடமில்லயாமே?" என்றேன். "இடமில்லையா? உங்களுக்கு அது தோட்டத்து ஞாபகம், விட்டுக் கொடுக்க மனசில்லன்னு உங்க மக சொன்னாங்களே மாமா. அதான் நான் கேக்கல" என்றார். எனக்கு ஞாபகமாம்! என் நகத்தை எடுத்த மெஷின்! என்னிடம் அவர் பேரைச் சொல்லி ஒரு பொய், அவரிடம் என் பேரைச் சொல்லி ஒரு பொய். நடுவில் மெஷினை இரும்புக்காரனுக்குத் தள்ளப் பார்த்திருக்கிறாய். கெட்டிக்காரிதான். ஆனால் நாங்கள் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளமாட்டோம் என்று எப்படி நினைத்தாய்? மாமனும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ளாமல் இருக்க நாம் என்ன சினிமாவிலா இருக்கிறோம்?

பொய்க்காகக் கோபமில்லை அம்மாடி. ஏன் என்றுதான் ராத்திரியெல்லாம் யோசித்தேன். உன்னை யாரும் விடச் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்று பயந்து நீயாகவே முந்திக்கொள்கிறாய். பந்தியில் தன் இலைக்கு வருவதற்குள் பாயாசம் தீர்ந்துவிடும் என்று நினைத்து, உட்காராமலே கை கழுவப் போகிற ஆளைப் போல. வேலை வரும், பிள்ளை வரும், மரத்தைப் பார்க்க நேரம் இல்லாமல் போகும். அப்போது மெஷின் மூலையில் நின்றால் பார்த்துப் பார்த்து மனசு கஷ்டப்படும், அதற்கு இப்போதே போகட்டும் என்பதுதானே?

நான் இதைச் சொன்னதும் உன் அம்மா பேனாவை மூடிவிட்டாள். "என்னா ஆச்சு?" என்றேன்.

"விட்டா என்னா? நான் விடலயா? செத்தா போயிட்டேன்?"

"நீ என்னத்தை விட்டே?"

"பேட்மிண்டன்."

நான் மறந்தே போயிருந்தேன் அம்மாடி. கல்யாணத்துக்கு முன்னால் இவள் தோட்டத்துத் திடலில் இடது கையால் அடிப்பாள். பந்து எங்கே வருகிறது என்று தெரியாமல் எதிராளிகள் இடம் வலம் முழித்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் லோரி ஏறி வந்து தோற்றுப் போவார்கள். "நான் விடச் சொன்னேனா?" என்று கேட்டேன். "நீங்க சொல்லல. உங்கம்மா சொல்லல. நானேதான். கல்யாணம் ஆனவ பேட்டும் கையுமா திரிஞ்சா யாராச்சும் ஏதாச்சும் சொல்லிடுவாங்களோன்னு, சொல்றதுக்கு முன்னாடியே தூக்கிப் பரண்ல போட்டேன்." "யாராச்சும் சொல்லியிருப்பாங்களா?" என்றேன். "தெரியலயே. கேக்கலயே" என்றாள். இப்போதுகூட டிவியில் மலேசியா ஆடினால் இந்த வீட்டில் கறி அடிப்பிடிக்கும், உனக்கே தெரியும். உட்கார்ந்த இடத்திலேயே அவளுடைய இடது கை ஆடுவதைப் பார்த்து, நரம்புத் தளர்ச்சி என்று நீ கிளினிக்குக்குக் கூட்டிப் போனாயே. அது நரம்பு இல்லை.

அதனால் கேள். மெஷின் வருகிறது. மாப்பிள்ளை லிஃப்ட்டை அளந்துவிட்டார், தாங்குமாம். ஜன்னல் பக்கத்து அறையில் அவர் ஓட்டாத உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று துணி காயப்போட மட்டும் நிற்கிறதாம், அதை எடுத்துவிடுகிறேன் என்றார். மிச்சமிருந்தது உன் அம்மா சம்மந்தியம்மாவுக்குக் கொடுத்த வாக்குதான். அதற்கு நான் வழி யோசித்துக்கொண்டிருக்க, இன்று காலையில் இவள் கூடத்தில் உட்கார்ந்து சீர்த் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பழம், பூ, பலகாரம், புடவை, பாத்திரம் என்று எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் பின்கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இருபதுதான் வருது. சீர் ஒத்தப்படையா இருக்கணும்."

"இன்னொரு தட்டு ஆப்பிள் வச்சுடலாம்" என்றேன், வேண்டுமென்றே.

"ஆப்பிள் அழுகிடும்" என்றாள்.

அவ்வளவுதான். கல்யாணத்தன்று இருபது தட்டுக்குப் பின்னால், மஞ்சள் குங்குமம் வைத்து, பட்டுத் துணி போர்த்தி, நாலு ஆள் தூக்கிவர அது வரும். தாய் வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்பினால் நல்லதில்லை என்பது சம்மந்தியம்மாவுக்கும் தெரியும். வந்தவர்கள் ரொட்டி போடுகிற மெஷினா என்று கேட்டால் நீயே பதில் சொல்லிக்கொள். வாரத்துக்கு ஒரு மரமோ, வருஷத்துக்கு ஒரு மரமோ, அது உன் இஷ்டம். துணிகூடக் காயப்போடு. ஆனால் யாராவது வேண்டாம் என்று சொல்ல வேண்டுமென்றால், அவர்கள் தங்கள் வாயால் சொல்லட்டும். அவர்களுக்காக நீ சொல்லாதே.

இதற்கு மேலும் உனக்கு மனசில்லை என்றால் நான் கட்டாயப்படுத்தவில்லை. இரும்புக்காரனை நீயே கூப்பிட்டு வரச் சொல்லிவிடு. அவன் நம்பரை இந்தக் கடிதத்தின் கீழே போடச் சொல்லி உன் அம்மாவிடம் மூன்று தரம் சொல்லிவிட்டேன். எழுதமாட்டேன் என்கிறாள்.

அப்பா